எனக்குப் பிறகு இவனுக்கு யார் ஊட்டுவார்?



ஹட்டனிலிருந்து போகும் பஸ்ஸில் இறங்கி, அரை மணி நேரம் ஏற்றத்தில் நடந்தால் வருகிறது அந்தத் தோட்டம். நான் போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு தாய், கூடையை இறக்கி வைத்த கையோடு, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல், ஒரு தட்டில் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு இஸ்தோப்பில் வந்து அமர்ந்தார். பக்கத்தில் அவருடைய மகன். வயது பத்தொன்பது. நல்ல உயரம், அரும்பு மீசை. தாய் உருட்டிக் கொடுக்கக் கொடுக்க அவன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான்.

"ஊட்டுனா நல்லாச் சாப்புடுவான் டீச்சர். எனக்கு இப்பவே அம்பத்திமூணு. முட்டி வலி வேற. எனக்கப்புறம் இவனுக்கு யாரு ஊட்டுவா? அது ஒண்ணுதான் ராத்திரியில தூக்கத்தக் கெடுக்குது."

"கையில ஏதும் கோளாறா?" என்று கேட்டேன்.

"கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பீலியில இருந்து தண்ணி தூக்கிட்டு வருவான். வெறகு சொமப்பான்."

"அப்போ சோறு?"

"சிந்திப்புடுவான். காலையில பிரட்டுக்கு நேரமாயிடும். அதுனால நானே ஊட்டிட்டுப் போயிடுவேன். அப்பிடியே பழகிப்போச்சு."

சகோதரிகளே, சற்று யோசித்துப் பாருங்கள். விறகுக் கட்டைத் தூக்கி மேட்டில் ஏறி வருகிற கைக்கு ஒரு கவளம் சோற்றை வாய்வரை கொண்டு போகத் தெரியவில்லை. பிறவிக் குறை அந்தக் கையில் இல்லை. பத்தொன்பது வருடங்களாக அந்த வேலையை இன்னொரு கை செய்து வந்திருக்கிறது, அவ்வளவுதான்!

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. பாசமும் பிரட்டு மணியும் சேர்ந்து செய்த காரியம் அது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. இந்த மாதம் அதைப் பற்றியே பேசுவோம்.

மலையிலே ஒரு பிள்ளையின் நாள்

1867ஆம் ஆண்டு லூல்கந்தூரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு, தோட்டத்தில் மதிப்பு உழைக்கும் கைக்குத்தான். செக்ரோலில் பேர் விழுந்தால் சம்பளம், இல்லையென்றால் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் வந்து படுப்பதற்கென்று கட்டியவைதான் லயன் காம்பராக்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பமே சமைத்து, உண்டு, உறங்க வேண்டும். குளிக்கப் பொதுப் பீலி. கழிவறையோ பல இடங்களில் லயத்திலிருந்து தள்ளி, வழுக்கும் படிகளுக்குக் கீழே இருக்கும்.

மூளை வளர்ச்சி மந்தமான ஒரு பிள்ளை இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தால் என்ன நடக்கிறது? ஐந்து வயது வரை பிள்ளை மடுவத்தில் ஆயா பார்த்துக்கொள்கிறார். அதன் பின் மற்றப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகின்றன. இந்தப் பிள்ளையைச் சேர்க்கப் போனால், "எங்களால் பார்க்க முடியாது" என்று கையை விரிக்கும் இடங்களே அதிகம். தாயும் தகப்பனும் மலைக்குப் போயாக வேண்டும். பாட்டி இருந்தால் பாட்டியோடு இருக்கும். இல்லையென்றால் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். பூட்டிய அறைக்குள் ஒரு பிள்ளை எதைத்தான் கற்றுக்கொள்ளும்?

இது ஒரு சிலரின் கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 8.7 பேர் பார்ப்பதிலோ, கேட்பதிலோ, நடப்பதிலோ, நினைவில் வைப்பதிலோ, தம்மைத் தாமே கவனித்துக்கொள்வதிலோ ஏதாவது ஒரு சிரமம் உடையவர்கள். மாடி வீட்டிலும் லயத்திலும் கடைத் தெருவிலும் இவர்கள் இருக்கிறார்கள்.

"என்ன தெரியாது" என்று கேட்காதீர்கள்

நாம் ஒரு பிள்ளையைப் பார்த்ததும் "பேசத் தெரியாது, உடுக்கத் தெரியாது" என்று பட்டியல் போடுகிறோம். சென்னையில் பேராசிரியர் ஜெயச்சந்திரனும் விமலாவும் இதைத் தலைகீழாக்கினார்கள். அவர்கள் உருவாக்கிய 'மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறை' இந்தியாவெங்கும் சிறப்புப் பள்ளிகளில் பயன்பட்டு வருகிறது. உண்பது, உடுப்பது, குளிப்பது, காசைக் கையாள்வது என்று 18 பிரிவுகள். பிரிவுக்கு 20 வீதம் மொத்தம் 360 செயல்கள், எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாக இருக்கும். பிள்ளை எந்தப் படிவரை தானாகச் செய்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். அதற்கு அடுத்த படிதான் அடுத்த பாடம்.

எவ்வளவு எளிய உண்மை! கீழே நின்றுகொண்டு உச்சியைப் பார்த்தால் மலைப்புத்தான் வரும். அடுத்த படியைப் பார்த்தால் காலை வைக்கலாம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதும் இதுவே. ஒரு கடதாசியை எடுங்கள். காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை பிள்ளை செய்கிற காரியங்களை எழுதுங்கள். தானாகச் செய்வது எது, பாதி செய்வது எது, முழுக்க நீங்களே செய்துவிடுவது எது? பாதி செய்கிறதே, அதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரே நேரத்தில் நாலைத் தொட்டால் ஒன்றும் தேறாது.

கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள்

அந்தத் தாயோடு நாங்கள் எடுத்துக்கொண்டது சாப்பாடு. கையால் உண்பது நமக்கு ஒரு காரியமாகவே தெரிவதில்லை. உண்மையில் அதற்குள் எத்தனை வேலைகள்! கையைக் கழுவ வேண்டும், சோற்றைப் பிசைய வேண்டும், கவளமாய்த் திரட்ட வேண்டும், விரல் நுனியில் எடுக்க வேண்டும், சிந்தாமல் உயர்த்த வேண்டும், பெருவிரலால் உள்ளே தள்ள வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்களில் கரண்டி பிடிக்கத்தான் சொல்லித் தருகிறார்கள். நமக்கு அது உதவாது.

அதனால் முதலில் சோற்றைத் தொடவில்லை. ரொட்டியில் ஆரம்பித்தோம். ரொட்டி சிந்தாது, பிய்த்துக் கொடுத்தால் கையில் நிற்கும். அதன் பிறகு குழைந்த சோறு. தாய் கவளத்தை உருட்டி, மகனுடைய விரல்களில் வைத்து, அவன் கையைத் தன் கையால் பிடித்து வாய்க்கு அருகே கொண்டு போய் விட்டுவிடுவார். மிச்சமிருக்கும் இரண்டு அங்குலம் அவனுடைய வேலை! அது கைவந்ததும் நெஞ்சளவில் விட்டுவிடுவார். அதன் பிறகு தட்டிலேயே விட்டுவிடுவார்.

ஏன் கடைசியிலிருந்து? கடைசிப் படியில்தான் வாய்க்குச் சோறு வருகிறது. "நான் சாப்பிட்டேன்" என்ற மகிழ்ச்சி முதல் நாளே பிள்ளைக்குக் கிடைத்துவிடுகிறது. முதல் படியிலிருந்து தொடங்கினால் அந்த மகிழ்ச்சிக்கு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஸ்வெட்டர் அணிவதும் இப்படியே. நுவரெலியாக் குளிரில் அது அன்றாடத் தேவையல்லவா? தலையையும் இரு கைகளையும் நீங்களே நுழைத்து, நெஞ்சுவரை இறக்கிவிடுங்கள். அங்கிருந்து இடுப்புக்கு இழுத்துவிடுவது பிள்ளையின் வேலை. அது பழகியதும் ஒரு கையை நுழைப்பதையும் பிள்ளையிடம் விடுங்கள்.

நம் வீடுகளில் வுளூச் செய்யப் பழக்குவதை நினைத்துப் பாருங்கள். எப்போதும் ஒரே வரிசை, ஒரு நாளில் பல தடவை, பக்கத்தில் நின்று செய்து காட்ட ஒரு பெரியவர். இந்த மூன்றும் இருப்பதால் மந்தமான பிள்ளைகூட அதைப் பிடித்துக்கொள்கிறது. கையோடு முகம் கழுவவும் கால் கழுவவும் கற்றுவிடுகிறது. மற்றக் காரியங்களுக்கும் அதே வழிதான்.

சில சின்னச் சின்ன விஷயங்கள்

அந்தந்த நேரத்தில், அந்தந்த இடத்தில் பழக்குங்கள். குளிப்பதைப் பீலியில், பல் துலக்குவதைக் காலையில். நடுப்பகலில் சும்மா உட்கார வைத்துப் பொத்தான் போடச் சொன்னால், ஏன் என்று பிள்ளைக்குப் புரியாது.

உதவியைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். முதலில் கையைப் பிடித்துச் செய்விப்பது, பின்பு முழங்கையைத் தொடுவது, பின்பு விரலால் காட்டுவது, பின்பு வாயால் சொல்வது. கடைசியில் ஒன்றும் சொல்லாமல் இருப்பது. இதில் கடினமானது எது தெரியுமா? அந்தக் கடைசிதான்! சொல்லிவிட்டு மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். நமக்கு ஒரு நொடியில் புரிவது அந்தப் பிள்ளைக்குப் புரியப் பத்து நொடி ஆகலாம். நாலாவது நொடியில் நாம் கையை நீட்டிவிடுகிறோம்.

நேரமில்லாதபோது பாடம் வேண்டாம். "பிரட்டுக்கு நேரமாச்சே" என்ற அந்தத் தாய்க்குச் சொன்ன யோசனை இது: காலையில் நீங்களே ஊட்டுங்கள், கடைசி மூன்று வாய் மட்டும் அவனுடையது. மாலையில், அவசரமில்லாத நேரத்தில், தட்டு முழுவதும் அவனுடையது.

தட்டுக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் தட்டு நழுவாது. சட்டையின் முன்பக்கத்தில் ஒரு நூல் அடையாளம் தைத்தால் முன்பின் தெரியும். வெந்நீர்ப் போத்தலில் சிவப்புத் துணி கட்டி வைத்தால் "சுடும்" என்பது புரியும். இவற்றுக்கெல்லாம் பெரிய செலவில்லை. மெக்சிகோவின் அஹோயா என்ற மலைக் கிராமத்தில், ஊனமுற்றவர்களே சேர்ந்து மரத்தாலும் பழைய டயராலும் தங்களுக்கு வேண்டிய சாதனங்களைச் செய்துகொண்டார்கள். அந்த அனுபவத்தை டேவிட் வெர்னர் 1987ல் கிராமத்து ஊனமுற்ற குழந்தைகள் பற்றிய பெரிய நூலாகவே எழுதினார். ஏழை வீடும் பயிற்சிக்கூடமாக முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஓர் எச்சரிக்கை: வலிப்பு உள்ள பிள்ளையை விறகடுப்பருகே தனியே விடாதீர்கள். தேநீர் போடப் பழக்கலாம். அடுப்பிலிருந்து கேத்தலை இறக்குவதைப் பெரியவர் செய்யட்டும். தண்ணீர் நிறைந்த தொட்டி அருகிலும் அப்படியே. மாத்திரையை வேளை தவறாமல் கேட்டு வாங்கிக் குடிப்பதும் அவர்களுக்குப் பழக்க வேண்டிய ஒரு பாடம்தான்.

பெண் பிள்ளை இருக்கும் வீட்டில்

இதைச் சொல்லத் தயங்குவோம். ஆனால் சொல்லாமல் விடக்கூடாது. வயதுக்கு வரும் நேரம் நெருங்குமுன்பே பெண் பிள்ளைக்கு மாதவிலக்கைப் பற்றிச் சொல்லிப் பழக்குங்கள். சிவப்புச் சாயம் தொட்ட துணியைக் காட்டி, மாற்றுவது எப்படி, எங்கே போடுவது, கையைக் கழுவுவது என்று ஒவ்வொரு படியாகச் செய்து காட்டுங்கள். முன்பே தெரிந்திருந்தால் அந்த நாளில் பயந்து அலறமாட்டாள்.

ஒரே அறையில் எல்லாரும் வாழும் லயத்தில் மறைப்பு ஏது? ஒரு மூலையில் கயிறு கட்டிச் சேலையைத் தொங்கவிடுங்கள். "உடுப்பு மாற்றுவது இதற்குள்தான்" என்று பழக்குங்கள். தன் உடம்பைத் தானே கழுவத் தெரிந்த பெண்ணைத் தொட்டுக் கழுவ இன்னொருவர் தேவையில்லை. யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பது அவளுக்கு விளங்கும். குளிக்கக் கற்றுக் கொடுப்பது அவளுடைய பாதுகாப்பும் ஆகும்.

கற்றதைக் கைவிடாமல் காப்பது

நுவரெலியாப் பக்கத்தில் இன்னொரு தோட்டம். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி பீலியில் தானாகக் குளிக்கக் கற்றிருந்தாள். திடீரென்று தாய் மலையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. இரண்டு மாதம் சித்தி வந்து பார்த்துக்கொண்டார். நல்ல மனுசி. "பாவம், சின்னப் பிள்ளை" என்று எல்லாவற்றையும் அவரே செய்தார். தாய் எழுந்து நடமாடத் தொடங்கியபோது, அந்தப் பெண் பீலிக்கு முன்னால் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாளாம்.

நாம் பல காலம் மறந்திருந்தாலும் சைக்கிள் ஓட்டுவோம். இந்தப் பிள்ளைகளுக்கு அப்படியல்ல. புழங்காத வாளியில் துருப் பிடிப்பதுபோல, செய்யாத காரியம் கையை விட்டுப் போய்விடுகிறது. காய்ச்சல் வந்தால், பெருநாளுக்கு ஊருக்குப் போனால், புது வீட்டுக்கு மாறினால் நழுவிவிடும். மனம் தளர வேண்டாம். இரண்டாம் தடவை பழக்குவது பெரும்பாலும் விரைவில் முடியும். அந்தப் பெண்ணும் மூன்று வாரத்தில் மீண்டும் தானாகக் குளித்தாள்.

ஆகவே ஒரு வழக்கம் வையுங்கள். பிள்ளைக்கு என்னென்ன தெரியும், எப்படிச் சொன்னால் செய்யும் என்பதை ஒரு கொப்பியில் எழுதிக் கதவருகே தொங்கவிடுங்கள். பாட்டி, சித்தி, பக்கத்துக் காம்பரா, யார் வந்தாலும் அதைப் பார்த்து அதன்படியே செய்யட்டும். கலண்டரில் நாளுக்கொரு கோடு போடுங்கள். பத்து நாள் கோடு விழாவிட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பாரம் தாயின் தோளில் மட்டுமா?

இத்தனையும் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் தாயின் கூடையிலேயே போட்டுவிட்டுப் போவது நியாயமல்ல. நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறித்தவருக்கு மாலையில் எவ்வளவு பொறுமை மிஞ்சும்?

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. 2006ல் ஐ.நா. நிறைவேற்றிய உடன்படிக்கையை இலங்கை 2016ல் உறுதி செய்தது. அதன் 26ஆம் உறுப்புரை, இத்தகைய பயிற்சி முடிந்தவரை ஆரம்பக் கட்டத்திலேயே தொடங்க வேண்டும், கிராமப்புறத்திலும் மக்கள் வாழும் இடத்துக்கு மிக அருகிலேயே கிடைக்க வேண்டும் என்கிறது. மலையகத்தில் "அருகே" என்றால் என்ன? பஸ் போகாத மேற்பிரிவு லயத்துக்கு அருகே என்றல்லவா பொருள்! பிள்ளை மடுவத்தில் இருக்கும் உத்தியோகத்தர்களுக்கு இந்த முறைகளில் பயிற்சி கொடுத்தால், ஐந்து வயதோடு கதவு சாத்தப்படாது. மடுவம் ஏற்கெனவே இருக்கிறது. சாவியும் தோட்டத்திடம்தான் இருக்கிறது.

நுவரெலியாவில் 1980களின் பிற்பகுதியிலிருந்து இயங்கிவரும் 'மென்கஃபெப்' நிறுவனத்தின் பெயரிலேயே பிள்ளைகளோடு குடும்பங்களும் சேர்ந்திருக்கின்றன. அதில் பொருள் உண்டு. பிள்ளைக்கு ஆசிரியர் சில மணி நேரம். குடும்பம் வாழ்நாள் முழுதும்.

குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு மாதக் கொடுப்பனவு வழங்குகிறது. 7,500 ரூபாயாக இருந்த அதை 10,000 ரூபாயாக உயர்த்த 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. கிராம உத்தியோகத்தர் மூலமாகப் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரை அணுக வேண்டும். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இல்லாமல் தவிக்கும் குடும்பங்கள் இன்றும் தோட்டங்களில் இருக்கின்றன. சகோதரிகளே, உங்களில் பலர் ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் கடை வைத்திருப்பவர்களின் வீட்டார். படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள். உங்கள் கடைக்கு வரும் தாயிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவருடைய மகன் ஒரு நாள் பத்து ரூபாய்க் காசோடு தனியே கடைக்கு வந்தால், அவன் எண்ணிக் கொடுக்கும்வரை காத்திருங்கள். பின்னால் நிற்பவர்களும் காத்திருக்கட்டும். அதுவும் ஒரு பாடசாலைதான்.

மூன்று மாதம் கழித்து அந்த லயத்துக்கு மறுபடியும் போனேன். அதே இஸ்தோப்பு. மகன் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சட்டையில் கறி, தரையில் நாலைந்து பருக்கை. தாய் எதிரே அமர்ந்திருந்தார். இரண்டு தடவை அவருடைய வலது கை தன்னையறியாமல் தட்டுப் பக்கம் நீண்டது. இரண்டு தடவையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பாத்துக்கிட்டு இருக்குறது ஊட்டுறதவிடக் கஷ்டமா இருக்கு டீச்சர்" என்றார்.

சாப்பிட்டு முடிந்ததும் அவன் எழுந்தான். தட்டை எடுத்துக்கொண்டு பீலிப் பக்கம் நடந்தான். அதை நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.